மணல் விழுந்த முகம்

முகத்தில் ஒரு பொட்டுக்கூட மணலை விட்டுவைக்காதவன் என்று பினாங்கு வீதியில் எனக்குப் பெயர். அங்கே ஒரு சீனர் வைத்திருந்த படக்கடையில் பென்சில் வேலை பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் பதிந்த முகத்தின் மேல், ஊசி போல் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சுருக்கத்தையும் பருவையும் கண்ணுக்கு அடியில் உள்ள கருமையையும் மறைப்பேன். ஐம்பது வயதில் உள்ளே போகும் வியாபாரி, படத்தில் நாற்பது வயதில் வெளியே வருவார். இது நானில்லை என்று ஒருவரும் திருப்பிக் கொடுத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சமென்ன, நிறையவே இருந்தது.

மணல் என்று நாங்கள் சொன்னது படத்தில் தெரியும் புள்ளிகளை. சின்ன உருவத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் கறுப்பும் வெள்ளையும் பிரிந்து, முகம் தாம்பாளத்தில் பரப்பிய ரவை மாதிரி ஆகிவிடும். எங்கள் சீன முதலாளி, தவுக்கே, அதை மலாயில் ‘பாசிர்’ என்பார். அப்படிச் சொல்லும்போது சோற்றில் கல்லைக் கடித்தவர் போல முகத்தைச் சுளிப்பார்.

ஒரு நாள் காலை, சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் மகளைக் கூட்டிக்கொண்டு பிறைத் துறையில் கப்பலேறிக் கடைக்கு வந்தாள். கழுத்தில் சிலுவை. மகளுக்கு ஏழு வயதிருக்கும். அந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்பே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குச் சில மாதங்களுக்கு முன், சீமைக்குத் திரும்பிய துரையோடு தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் நிற்க வைத்து எங்கள் கடை ஒரு படம் எடுத்திருந்தது. அவன் இருந்த ஒரே படம் அதுதான்.

“அடுத்த மாசம் புள்ளைக்கு மாதா கோயில்ல புதுநன்மை அண்ணே. அவ அப்பா மூஞ்சியப் பாத்ததே இல்ல. எல்லா வீட்டுலயும் ஒரு படம் மாட்டியிருக்கு. எங்க வீட்டுல வெறும் சுவருதான் லா இருக்கு” என்றாள்.

பழைய தகட்டைத் தேடி எடுத்தேன். கடைசி வரிசையின் ஓரத்தில், முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு நின்றான். முகம் பச்சைப்பயறு அளவுதான். அதை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கினேன். ஒரே மணல். அந்தப் படத்திலிருந்து புதிய தகடு எடுத்து, மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் பென்சில் பிடித்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. கடைசியில் கல்யாண மாப்பிள்ளை போல ஒரு முகம் வந்தது. தவுக்கே ‘பாகுஸ், பாகுஸ்’ என்று மெச்சி என் முதுகில் தட்டினார்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். குழந்தை படத்தை இரண்டு கையாலும் வாங்கி, “அப்பா அழகா இருக்காரும்மா” என்றது. தாய் வெகுநேரம் பார்த்தாள்.

“படம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா இவரு யாருன்னு எனக்குத் தெரியல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நானா ஒரு ஆளக் கற்பன பண்ணியா வரைஞ்சேன், தங்கச்சி? உங்க வீட்டுக்காரர் மூஞ்சி மேலதான் வேல செஞ்சேன்.”

“அவருக்கு மூஞ்சி பூரா அம்மை வடு. அதுல ஒன்னுகூட இல்லியே.”

அம்மைத் தழும்பை மணல் என்று நினைத்து அத்தனையையும் துடைத்திருக்கிறேன்.

“அதுக்குக் கூச்சப்பட்டுத்தான் எப்பவும் கடசி வரிசையில போயி நிப்பாரு. கூப்பிட்டாலும் முன்னாடி வர மாட்டாரு. நான் ஒரு நாளும் அதப் பெருசா எடுத்துக்கிட்டது இல்ல அண்ணே.” மகளைத் திரும்பிப் பார்த்தாள். “புள்ளைக்கு இது புடிச்சிருக்கு. இதையே மாட்டிட்டா, அவ ஆயுசுக்கும் இவருதான் அப்பா. நான் என்ன செய்யட்டும்?”

குழந்தையின் கையிலிருந்து படத்தை மெல்ல வாங்கிக்கொண்டேன். அது அழுதது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுபடி முதலிலிருந்து பெரிதாக்கி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எது வடு, எது மணல்? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரிக்க முடியவில்லை. இடது கண்ணுக்குக் கீழே இருந்த ஒரு பெரிய கரும்புள்ளி மட்டும் இரண்டும் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்தது. தகட்டில் பூசிய மருந்து உதிர்ந்த இடம் அது. அதையாவது மறைத்துவிடலாமென்று கை துறுதுறுத்தது. ஆனால் இந்த முகத்தில் கை வைக்கும் தைரியம் எனக்குப் போய்விட்டது. அப்படியே விட்டேன். தவுக்கே பார்த்துவிட்டு, இந்த மணலோடு நம் கடை முத்திரை வெளியே போகக் கூடாது என்றார். நான் முத்திரை குத்தவில்லை.

அவர்கள் வந்ததும், “சுவத்துல மாட்டித் தள்ளி நின்னு பாருங்க. கிட்டப் பாத்தா வெறும் புள்ளியாத் தெரியும்” என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. படத்தை மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவள் கண் நிறைந்தது.

குழந்தை எட்டிப் பார்த்து, “அழுக்கா இருக்கும்மா” என்றது.

“அழுக்கு இல்லடி. அப்பா மூஞ்சி இப்படித்தான்.” மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்தாள். “இந்தா, இதுதான் எல்லாத்துலயும் பெரிசு. பேசறப்ப இதத் தடவிக்கிட்டேதான் பேசுவாரு.”

குழந்தை தயங்கித் தயங்கித் தன் விரலை அந்தப் புள்ளியில் வைத்தது. பிறகு எடுக்கவே இல்லை.

தகட்டுக் கோளாறு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். படத்தை வாங்கிப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். சுற்றும்போது அந்த இடத்தில் மடிப்பு விழாமல் பார்த்துக்கொண்டேன்.