சாண்ட்விச் கடையில் ஒரு ஸ்டூல்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சாண்ட்விச் கடையில், சுவரோரமாகச் சில சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் போட்டிருக்கிறார்கள். மதியத்தில் அதில் ஒன்று கிடைப்பது லேசான காரியம் இல்லை. கோர்ட்டுக்கு வந்தவர்கள், காலேஜ் பிள்ளைகள், கோட்டை ஏறி வெயிலில் வாடி இறங்கியவர்கள் என்று கூட்டம் நெரியும். டோக்கனும் கிடையாது, வரிசையும் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். அவர் எழுந்தால் ஸ்டூல் நமக்கு. யார் வைத்த சட்டமோ, அதை மீறி யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பசி தாங்காதவர்கள் நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்கள். நான் மாட்டேன். பத்திரம் எழுதுகிறவரிடம் டைப் அடிக்கிறேன், நாளெல்லாம் நாற்காலியில்தான் இருக்கிறேன். ஆனாலும் எவ்வளவு நேரமானாலும் காத்திருந்து, உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். கூட வேலை செய்பவள் இதற்காக என்னைக் கேலி செய்வாள். அவள் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால், அவலூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, இங்கே பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு, எங்களுக்குக் கிடையாது. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும் வரை உட்காரக் கூடாது, சுவரில் சாயவும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். ஒல்லியான ஆள், நெற்றியில் பட்டையாக விபூதி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "நிக்கிற பொண்ணுதான் சேலை விக்கும்" என்பார். ஈ காக்கை வராத மதியத்திலும் அப்படித்தான் சொல்வார்.

ஒரு தீபாவளி நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, மதியத்துக்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் குடோனில் ஒரு சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவர் வந்து பார்த்தார். திட்டக்கூட இல்லை. என்னை வாசலுக்கு அழைத்துப்போய், ஒரு பட்டுச்சேலையைத் தோளில் போட்டு, சேலை கட்டிய பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இவளுக்குக் கால் வலிக்குதாம். கை நல்லாத்தான இருக்குது, சேலையப் புடிச்சிகினு நிக்கட்டும்" என்று மற்றப் பெண்களிடம் சொன்னார். விளக்குப் போடும் வரை நின்றேன். எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள்.

மறுநாள் என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், என்னோடு வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். கால் சரியாகும் வரை லீவு கேட்கத்தான் வந்தார். சூப்பர்வைசர், வாங்க வருகிறவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. நைனா அதில் உட்காரப் போனபோது இவர் காலை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நின்னே சொல்லு. எந்த ஊரு, இன்னா தெருவு?" நைனா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரையும் தெருவையும் சொன்னார். கேட்டுவிட்டு, "லீவும் வேணாம், வேலையும் வேணாம், இட்டுகினு போ" என்றார் அவர். திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தது. என்னை உட்கார வைத்துவிட்டு, நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே வந்தார். நைனா இறந்து பல வருடம் ஆகிறது. மறந்துவிடு, மன்னித்துவிடு என்று சொல்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய நைனா நிற்கவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு மதியம், ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்று தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். திரும்பினேன். தலை நரைத்து, முதுகு லேசாக வளைந்து, அதே விபூதியோடு அவர். மற்ற ஸ்டூல்களுக்குப் பின்னாலெல்லாம் ஆள் நின்றதால் என்னுடையதைப் பிடித்திருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. முழங்கால் போயிருக்க வேண்டும். வலது காலுக்கும் இடது காலுக்கும் மாறி மாறி பாரத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சாண்ட்விச்சுக்குள் இருந்த உருளைக்கிழங்கை விரலால் நசுக்கி, ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து, குழந்தை மாதிரி மெதுவாகச் சாப்பிட்டேன். பொய் எதற்கு, அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

முடிக்கப் போகும்போதுதான் ஒரு பெண் கண்ணில் பட்டாள். வேறொரு ஜவுளிக்கடையின் யூனிபார்ம் சேலை. கையில் சாண்ட்விச் தட்டோடு, யார் பின்னாலும் போய் நிற்கத் தோன்றாமல், செருப்பிலிருந்து ஒரு காலை எடுத்து மறு கால் மேல் வைத்தபடி ஓரமாக நின்றிருந்தாள். எழுந்தேன். அவர் ஸ்டூலைப் பிடித்தார். நானும் விடவில்லை.

"வாம்மா, இங்க வந்து உக்காரு."

"இன்னாம்மா இது, நான்தான பின்னாடி நிக்கிறேன்" என்றார் அவர்.

"ஆமா சார், நீங்கதான் நிக்கிறீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எந்தக் கடை என்று சொன்னேன். வாசலில் நிறுத்தியதைச் சொன்னேன். நைனா உட்காரப் போன நாற்காலியை இழுத்ததையும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "எத்தினியோ பொண்ணுங்க வந்துச்சி, போச்சி. யாரன்னு ஞாபகம் வெச்சிக்கிறது?" என்றார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஞாபகம் இல்லை. இத்தனை வருடம் நான் தூக்கிச் சுமந்தது அவரிடம் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"பெரியவரு நிக்கிறாருக்கா" என்று அந்தப் பெண் தயங்கினாள்.

"நிக்கட்டும். நீ சாப்புடு."

உட்கார்ந்தாள். அவருக்கு வேறு வழி தெரியவில்லை, கால் வலித்திருக்கும். அந்தப் பெண் எழுந்ததும் உட்காரலாம் என்று அவள் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் கல்லாவுக்குப் போய், அவளுக்கு இன்னொரு சாண்ட்விச் சொன்னேன்.