ஒரு நாள் இடது கன்னம், ஒரு நாள் வலது கன்னம்

என் அக்காவைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மூணு செகண்ட்' என்றால்தான் தெரியும். டிவி ரிமோட்டுக்குள் இருக்கும் பச்சை அட்டையில் ஐந்து இடங்களில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதே ஐந்து இடங்கள். சூடான முனையை ஓர் இடத்தில் மூன்று செகண்டுக்கு மேல் வைத்தால் பக்கத்தில் இருப்பது வெந்துவிடும். அதனால் புதிதாக வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். அப்படி வந்த பெயர். அந்த அட்டை எங்கிருந்து வருகிறது, அவளைத் தாண்டி எங்கே போகிறது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

வீட்டில் அவளுக்கு இருப்பது மாமா ஒருவர்தான். அவள் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பஸ் நிலையத்தில் இருபத்தாறு வருடம் மைக்கில் அறிவிப்பு சொன்னவர். வீட்டிலும் அதே தோரணை. "பயணிகளின் கவனத்திற்கு, காப்பி சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது" என்பார். இப்போது அவ்வளவு நீளமாகப் பேச மூச்சு இல்லை. நெஞ்சில் தெம்பு போய்விட்டது. ராத்திரி முழுக்கவும், பகலில் நான்கு மணி நேரமும் ஒரு மெஷின் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்க வேண்டும்.

அந்த மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பலன். முள்ளாக இரண்டு நாள் தாடி இருந்தாலே காற்று ஓரத்தில் புஸ்ஸென்று போய்விடும். பிளேடு தொடக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், தலை வேறு ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை சின்னக் கீறல்தான், மூன்று துண்டு நனைந்தது. ஆகவே சார்ஜ் போடும் எலக்ட்ரிக் ஷேவர். கை எவ்வளவு நடுங்கினாலும் அந்த ஒரு வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அன்றைக்கு ஊர் முழுக்கக் கடையடைப்பு, இரண்டாம் நாள். நான் பள்ளி வண்டி ஓட்டுகிறவன். வண்டி எடுக்க வேண்டாம் என்றதும் நடந்தே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் கையில் ஷேவர்.

"செத்துப் போச்சுடா இது. நாலு நாளா அவர் முகத்தை வழிக்கவே இல்லை. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

மாமா கட்டிலில் சாய்ந்து கிடந்தார். கூப்பிட்டால் "ம்" என்றார், கண்ணைத் திறக்கவில்லை. மாஸ்க் மாட்டியிருந்தது, ஓரத்தில் காற்று சீறிக்கொண்டிருந்தது. மெஷினில் சிவப்பு விளக்கு. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நர்ஸ் அவசரப்படாமல்தான் சொன்னார். "லீக் ஆகுதும்மா, அதான் மயக்கம். முகத்தை வழிச்சிட்டு இறுக்கமா மாட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள தெளியலைன்னா ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வந்துடுங்க. குழாய்தான் போட வேண்டியிருக்கும்."

போன வருடம் தொண்டைக்குள் அந்தக் குழாயோடு இருபத்திரண்டு நாள் கிடந்தார். பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இன்னொரு தடவை அதை மட்டும் போட விடாதே என்று. அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

ஷேவரின் வயரைச் செருகிப் பார்த்தேன். அசையவில்லை. மூன்று மாடியும் ஏறி இறங்கினேன், எல்லோர் வீட்டிலும் பிளேடுதான். கீழே இருக்கும் சலூன்காரர் கடையடைப்பைச் சாக்கு வைத்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கோ ஆறு வருடமாகத் தாடி. அக்கா அதைப் பார்த்த பார்வையில், பிறந்ததே தப்போ என்று தோன்றியது.

"ஷேவரைப் பிரி," என்றாள்.

தலையைக் கழற்றினால் உள்ளே நான்கு திருகுகள். திறந்தால் விரல் நீளத்தில் இரண்டு பேட்டரிகள், அட்டையோடு சால்டர் வைத்து ஒட்டியிருந்தன. அவள் அளவைப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்த காதுப்பெட்டியைக் கழற்றினாள். கைக்குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்குமே, அந்தக் கருவி. என் மகளுக்கு வாங்கியது. ஒரு பெட்டி மாமா தலைமாட்டில், இன்னொன்று அக்கா இடுப்பில். அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் அவள் சமைப்பாள், துவைப்பாள். அதற்குள்ளும் அதே அளவில் இரண்டு பேட்டரிகள், சார்ஜோடு.

"அதை எடுத்தா நீ எப்படிக் கேப்பே?"

"முதல்ல அவர் மூச்சு விடட்டும். கேக்கறதை அப்புறம் பாக்கலாம்."

அவள் சால்டர் வைக்கும் அயர்னைச் சூடு போடப் போன நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. பழைய பேட்டரிகளை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"எது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"பாக்கலையே."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அட்டையில் ஒரு குறியும் இல்லை. தொழிற்சாலையில் அவளிடம் வரும்போதே எல்லாம் திசை பார்த்துச் செருகித்தான் வரும். பிளஸ் எது, மைனஸ் எது என்று அவள் யோசிக்க வேண்டி வந்ததே இல்லை.

"மாத்தி வெச்சா அட்டை எரிஞ்சிடும்டா. அப்புறம் ஒண்ணுமே இல்லை. ஏன்டா எல்லாத்துலயும் முந்திரிக்கொட்டை மாதிரி..." முடிக்க முடியாமல் அழுதாள். எனக்கு என்னையே இரண்டு அறை விடலாம் போலிருந்தது.

அப்போது மாஸ்க்கைக் கையால் தள்ளிவிட்டு மாமா பேசினார். "ரெண்டு மாசமாவே... மூணு நிமிஷம்தான் ஓடும். ஒரு நாள் இடது... ஒரு நாள் வலது."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. இரண்டு மாதமாகக் காலையில் அவருக்குத் தலைவலி. அவள் தலையணையை மாற்றினாள், மாஸ்க்கின் பட்டையை மாற்றினாள், ஜன்னலைக்கூடக் குற்றம் சொன்னாள். தினம் ஒரு பக்கம் மட்டுமே வழித்த கன்னத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"ஷிஃப்ட் முடிச்சு... வரே. உனக்கு... இன்னொரு வேலை எதுக்கு."

அக்கா அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினாள். "வேலையா? நீங்க போய்ட்டா எனக்கு வேலை மிச்சம்னு நிம்மதியா இருப்பேன்னு நினைச்சீங்களா?"

 மாமாவின் கண் மறுபடி செருகிக்கொண்டது. அந்தக் கோபம்தான் அவளைத் தூக்கி நிறுத்தியது. மாஸ்க்கை மாட்டிவிட்டு வந்து, அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ஒரு முனையில் மட்டும் பச்சையாகப் பூத்திருந்தது.

"பேட்டரி கசிஞ்சிருக்கு. கசிஞ்ச பேட்டரியிலயும் இது இருக்கும். குப்பையைக் கொட்டு."

கொட்டினேன். மாத்திரை உறைகள், ஈரப் பஞ்சு, காப்பித்தூள் எல்லாவற்றையும் கையால் அளைந்து இரண்டையும் எடுத்தேன். ஒன்றின் மைனஸ் முனையில் அதே பச்சை. "அப்ப இது மைனஸ்," என்று அட்டையில் நகத்தால் கீறினாள்.

 கை ஆடக்கூடாது என்று மணிக்கட்டைக் கவிழ்த்த டம்ளர் மேல் வைத்துக்கொண்டாள். காதுப்பெட்டிப் பேட்டரிகளின் முனையைச் சுரண்டி, ஈயம் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு இடத்திலும் மூன்று வரைதான். பொத்தானை என்னை அழுத்தச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓடியது. அந்தச் சத்தத்துக்கு மாமா கண்ணைத் திறந்து, தன்னிடம் கொடு என்று கையை நீட்டினார். கை பாதியில் விழுந்தது. பிறகு தானாகவே முகவாயை அவள் பக்கம் தூக்கிக் காட்டினார். இடது கன்னம், வலது கன்னம், மூக்கின் கீழே, கழுத்து, எல்லாவற்றையும் அவளே வழித்தாள். மாஸ்க்கை இறுக்கியதும் சீறல் நின்றது. விளக்கு பச்சையானது. ஒன்றரை மணி நேரம் கழித்து என்னை அடையாளம் தெரிந்து, தாடியை எடு என்று சைகை காட்டினார். நான் அழுதுவிட்டேன், ஒளிப்பானேன்.

காலையிலிருந்து அக்கா எதுவும் சாப்பிடவில்லை. காதுப்பெட்டிக்குப் பதில் ஒரு டம்ளரையும் ஸ்பூனையும் அவர் கையில் கொடுத்து, "ஏதாவதுன்னா தட்டுங்க," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

டங் என்றது. ஓடினாள். ஒன்றுமில்லை, போ என்று கையை ஆட்டினார். இரண்டு நிமிடத்தில் மறுபடி டங். மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை நான் கதவோரம் நின்று பார்த்தேன். இமை தானாக மூடுகிறது. திடுக்கிட்டு விழித்து ஒரு தட்டு தட்டுகிறார். மறுபடி மூடுகிறது. தூங்கிவிட்டால் சத்தம் வராது, சத்தம் வராவிட்டால் அவள் பயந்துபோவாள் என்று அந்த மனிதர் தூங்காமல் கிடந்தார்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் விரல்களிலிருந்து ஸ்பூனை மெதுவாக உருவினாள். "தூங்குங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்." தரையில் உட்கார்ந்து கட்டிலில் சாய்ந்துகொண்டாள். மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு எப்படிப் போவாய் என்று நான் கேட்கவில்லை. மாமா உடனே தூங்கிவிட்டார். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்ற சமையலை நான் போய் முடித்தேன்.