ரொறன்ரோ வழியாக ஒரு குளிசை

சீவரத்தினத்துக்கு எழுபத்தொரு வயதில் வேலை கிடைத்ததற்குக் காரணம் அவருடைய இளமைதான். அந்தக் குறுகிய ஒழுங்கையில் மிஞ்சியிருந்தவர்களில் சைக்கிளில் சந்தைக்குப் போய் மரக்கறிப் பையோடு திரும்பக்கூடியவர் அவர் ஒருவரே. அவரைவிட இளையவர்கள் கொழும்பிலோ கனடாவிலோ இருந்தார்கள். திருவிழாவுக்கு வந்தால் அவர்களும் முழங்கால் நோவைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

வேலை, பக்கத்து வளவுத் தம்பிஐயாவைப் பார்த்துக்கொள்வது. தம்பிஐயாவுக்கு எழுபத்தொன்பது. சீனி வருத்தம், அதோடு மறதி. வேலை கொடுத்தவள் ரொறன்ரோவில் இருக்கும் மகள் பிரசாந்தி. அவள் முன்பு வைத்திருந்த பெண் இத்தாலிக்குப் போய்விட்டாள், அங்கே ஒரு கிழவியைப் பார்ப்பதற்கு. பிரசாந்திக்கும் ரொறன்ரோவில் அதே தொழில்தான். ஒரு முதியோர் இல்லத்தில் யாரையோ பெற்ற தகப்பன்மாரைக் குளிப்பாட்டி வந்த சம்பளத்தில், தன் தகப்பனைக் குளிப்பாட்ட ஆள் வைத்திருந்தாள்.

மினிபஸ் ஓட்டிய சீவரத்தினத்துக்குப் பென்ஷன் கிடையாது. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலை தேவைதான். ஒரேயொரு இடைஞ்சல்: அவருக்கும் தம்பிஐயாவுக்கும் இருபது வருடமாகக் கதை இல்லை.

எல்லாம் வேலியால் வந்தது. ஒருமுறை வேலி அடைத்தபோது, நட்டிருந்த தடிகளான கதியால்கள் ஒரு முழம் நகர்ந்தன. எந்தப் பக்கம் நகர்ந்தன என்பதில்தான் சண்டை. முதலில் வாய் திறக்கிறவன் பிழையை ஒப்புக்கொண்டவன், நிலம் மற்றவனுக்கு என்று இருவரும் பிள்ளையார் கோயில் வீதியில் சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஒரு முழமும் இரண்டு வாய்களுக்குள் கிடந்தது.

அதனால் வேலை இப்படி நடந்தது. வேலியில் ஆள் நுழையப் பொட்டோ இடைவெளியோ இல்லாததால் சீவரத்தினம் ஒழுங்கையைச் சுற்றி அடுத்த வீட்டுக்குப் போவார். மருந்துக் குளிசையை எடுத்துத் தம்பிஐயாவின் முன்னால் வைப்பார். பிறகு, பிரசாந்தி தன் போனிலிருந்து பார்க்கவும் பேசவும் சுவரில் பூட்டுவித்திருந்த கமராவைப் பார்த்துச் சொல்வார்.

"பிள்ளை, கொப்பர் குளிசையைப் போடாமல் இருக்கிறார். ஒருக்கால் சொல்லு."

"அப்பா, குளிசையைப் போடுங்கோ" என்று ரொறன்ரோ சொல்லும்.

"உவனுக்குச் சொல்லு, தண்ணி சுடுகுது" என்பார் தம்பிஐயா.

"மாமா, தண்ணி சுடுகுதாம்."

"எனக்குக் கேட்டது, பிள்ளை."

இப்படியே மாதங்கள் ஓடின. பிறகு பிரசாந்தியின் இல்லத்தில், வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது.

அன்று காலை சீவரத்தினம் தம்பிஐயாவுக்கு இன்சுலின் போட்டு, இடியப்பமும் கொடுத்துவிட்டுக் கோப்பை கழுவப் போனார். திரும்பி வந்தபோது தம்பிஐயா ஃப்ரிட்ஜைத் திறந்து, தானே இன்னொரு ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். போட்டது மறந்துவிட்டது. இரண்டாவது ஊசியும் ஏறினால் மனிதர் மயங்கி விழுவார். எழும்பாமலும் போகலாம்.

சீவரத்தினம் கமராவுக்கு முன்னால் நின்று கையை ஆட்டினார். பதில் இல்லை. போன் எடுத்தார், ரொறன்ரோவில் எங்கோ ஒரு பூட்டிய பெட்டிக்குள் மணி அடித்தது. பாய்ந்து பறிக்கலாம், ஆனால் ஊசி எங்கே குத்துமோ என்று பயம். செருமினார். தம்பிஐயா சாரத்தை இறக்கி, வயிற்றுக்கு ஊசியைக் கொண்டுபோனார். சீவரத்தினம் யன்னலில் இருந்த காகத்தைப் பார்த்து, "இஞ்சை ஒருத்தருக்கு ஊசி போட்டாச்சு" என்றார். காகத்துக்குச் சொன்னதைத் தம்பிஐயா கேட்பாரா? ஊசி முனை தோலைத் தொட்டது.

"அண்ணை, ஊசி போட்டாச்சு. கீழை வையுங்கோ."

ஊசி நின்றது. சற்றுமுன் தின்ற இடியப்பத்தை மறந்த மனிதர் ஒரு முழத்தை மறக்கவில்லை.

"நீ முதல் கதைச்சிட்டாய்."

"ஓம்."

"அப்ப அந்த ஒரு முழமும் என்ரை."

"உங்கடைதான். ஊசியைத் தாங்கோ."

தம்பிஐயா கொடுத்தார். சீவரத்தினம் மருந்தை முற்றத்தில் பீச்சிவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவைக் கயிற்றால் கட்டினார்.

அடுத்த நாள் விடிந்ததும் தம்பிஐயா தொடங்கிவிட்டார்.

"வேலியைத் தள்ளிப் போட ஆள் பிடி."

"எந்த ஆளை? இந்த ஒழுங்கையிலை அலவாங்கு தூக்கிக் குழி தோண்டக்கூடியவன் நான் ஒருத்தன்தான்."

"அப்ப நீ நடு."

"நடலாம் அண்ணை. நான் கிடங்கு கிண்டேக்கை உங்களை ஆர் பாக்கிறது?"

தம்பிஐயா யோசித்தார். அது நியாயமான கேள்வி. அந்த நேரம் சுவரில் பிரசாந்தியின் குரல் வந்தது. அவளுக்கு அன்று லீவு.

"அப்பா, மாமாட்டை ஏதும் சொல்லோணுமோ?"

"உவனுக்கு நான் நேரை சொல்லுவன். உவன் வேலியடைக்கப் போறான். அந்த நேரம் என்னைப் பாக்க ஒரு ஆளைத் தேடு."

இரண்டு பேரும் எப்போது கதைக்கத் தொடங்கினார்கள் என்று கேட்க நினைத்தாளோ என்னவோ, கேட்கவில்லை.

"ஆரை அப்பா தேடுறது? அங்கை இளம் ஆக்கள் ஆர் இருக்கினம்?"

தம்பிஐயா சீவரத்தினத்தைக் கையால் காட்டினார்.

"உவனைத்தான் கேட்டுப் பாரன்."

"மாமா, உங்களுக்கு ஏலுமோ?"

சீவரத்தினம் கமராவைப் பார்த்தார், அதே நேரம் தான் நட வேண்டிய வேலியைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுறன், பிள்ளை" என்றார்.