பால் காய்ச்சிய தரை

ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பதே அப்புசாமியின் கவலையாயிருந்தது. ஆனைமலைத் தென்னந்தோப்பில் பாதியை விற்று, பல் மருத்துவம் படித்த மகள் லோகப்பிரியாவுக்குப் போத்தனூரில் மருத்துவமனை எழுப்பிக்கொண்டிருந்தார். கட்டடத்துக்கு இவ்வளவு, எக்ஸ்ரே கருவிக்கு இவ்வளவு, நோயாளி சாய்ந்து பல் காட்டும் நாற்காலிக்கு வங்கிக் கடன் என்று பெங்களூரில் வேலையிலிருந்த மகளே வகுத்தனுப்பியிருந்தாள். நாற்காலி பொருத்துகிறவர் வந்து பார்க்கும்வரை தரையை மட்டும் போட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். தரையில்லாத இடத்தில் அடுப்பு மூட்டிப் பாலைப் பொங்க வைப்பது எங்ஙனம்? ஆனி முடிவதற்குள் கிரானைட் பதித்தார். நடு அறையில் பால் கிழக்கே பொங்கி வழிந்தபோது, முருகன் திருவடியே துணையென்று கண் கலங்கினார்.

ஆடியில் நாற்காலி வந்து இறங்கியது. மகளும் வந்திருந்தாள். பொருத்த வந்த சாமுவேல் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஏனுங்க, கொழாயெல்லாம் எங்கீங்க?”

“கை கழுவற தொட்டி அதா, சுவத்தோரம் இருக்குதுங்களே.”

“அது டாக்டருக்குங்க. சேருக்குத் தண்ணி, காத்து, கழிவு, கரண்டு நாலும் தரைக்கடியில வந்து நடுவுல ஏறோணுமுங்க. இல்லீன்னா மத்தியானம் படுத்துத் தூங்கத்தான் ஆகும்.”

“மேலாலயே கொண்டு போயிர முடியாதுங்களா?”

“பல்வலியோட வாரவங்க தடுக்கி உழுந்தா மிச்சப் பல்லும் போயிருமுங்க.”

சிரித்தவர் சாமுவேல் மட்டுமே.

லோகப்பிரியா கடிந்துகொள்ளவில்லை. “ஒடச்சுப் போடலாமுங்கப்பா.”

“பால் காச்சுன தரைய, அதுவும் ஆடியிலயா அம்மணி? ஆவணி பொறக்கட்டுமே.”

“ஆடின்னு பேங்குக்காரங்க தவணைய உட்டுருவாங்களா?”

“ஒடைக்கறதுக்கும் புதுக் கல்லுக்கும் பணம் ஏது கண்ணு?”

“எக்ஸ்ரேக்கு வெச்சது இருக்குதுங்களே.”

“அது இல்லாம எப்படி வைத்தியம் பாப்பே?”

“ரூட் கேனலுக்கு வாரவங்கள உக்கடத்துல படம் எடுத்துட்டு வாங்கன்னு அனுப்போணும். போறவங்க திரும்பி வருவாங்களான்னு தெரியலீங்க.”

மீதித் தோப்பையும் விற்றுவிடலாம் என்னும் சொல் அப்புசாமியின் வாய்வரை வந்தது. அந்தத் தேங்காயை நம்பித்தான் தவணையே கட்டுவதாயிருந்தது.

சாமுவேல் அளந்து, சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். அடுப்பு இருந்த அதே இடம். வழிந்த பாலின் மங்கிய கறை வட்டத்துக்குள் கிடந்தது.

“ஒரு அடி தள்ளிப் போட்டா ஆகாதுங்களா?”

சாமுவேல் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்து மறுத்தாள். கல் உடைக்கும் கருவி இரைந்தது. அப்புசாமியின் கைகள் தாமே குவிந்தன. பிழை பொறுக்கும்படி முருகனைக் கேட்பதா, மகளைக் கேட்பதா என்று அவருக்கு விளங்கவில்லை.

“தூசி பறக்குமுங்கப்பா, வெளிய நில்லுங்க,” என்றாள் லோகப்பிரியா.

குவித்த கையோடு வெளியே போய் நின்றார்.