அக்காவின் இரண்டு இனிஷியல்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் சேர்ந்துவிட்டது, முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வீட்டுக்காரர் போன பிறகு வில்லாபுரத்து வீட்டில் நான் மட்டும்தான். சில நாள் சாயங்காலம் வரை வாயைத் திறக்கவே வேலை இருக்காது. சர்ச்சில் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் ஒரு நூலகத்துக்கு வேலைக்குப் போனேன். மதுரையைச் சுற்றிப் பூமியைத் தோண்டி எடுத்த பொருட்களைப் பற்றியும், இங்குள்ள சனங்களின் பழக்கவழக்கங்களைப் பற்றியும் யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய புத்தகங்களைத் தூசி தட்டி, தமிழில் இருப்பதை நான் வாசித்துச் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும் ஒருத்தி அதைக் கேட்டு டைப் செய்வாள். எழுதியவர் பேர், தலைப்பு, வருஷம், ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

ஒரு நாள், திருவாதவூர்ப் பக்கம் கிடைத்த தாழிகளைப் பற்றிய கட்டுரை கைக்கு வந்தது. செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள். அது நான் பிறந்த ஊர்க் காடு. எழுதிய அக்காவையும் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தபோது அந்தத் தாழிகளைத் தோண்ட வந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தார். பள்ளம் தோண்டிய இடத்துக்குத் தண்ணீர் சுமந்து போனவள் நான்தான். எங்கள் தெருவுக்குள் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் வெளியூர்க்காரர் அவர்.

சில நாள் கழித்து, எங்கள் ஆட்கள் சாவுக்குச் செய்யும் சடங்கைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. அதே பேர், இனிஷியல் மட்டும் வேறு. அக்கா இரண்டாம் தடவை வந்தபோது கழுத்தில் தாலி இருந்தது எனக்கு ஞாபகம். அப்பா எழுத்தை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் எழுத்தைப் போட்டிருக்கிறார். பட்டியலில் இரண்டு பேராக ஏறிவிட்டார். ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு கட்டுரை.

படித்தவர்கள் வேலையில் நான் என்ன சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் அப்பா எழுத்து, மற்றதில் என் வீட்டுக்காரர் எழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை.

மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

"தாயி, அந்த ரெண்டும் ஒரே ஆளு."

"இந்தப் பேருல மதுரையில எம்புட்டுப் பேரு இருக்காங்க. தெருவுக்கு நாலு பேரும்மா."

"எங்க வீட்டுலதான் தங்குனாங்க."

"சோறு ஏதும் போட்டீங்களா, பட்டினி போட்டீங்களா?"

"கேப்பைக் கூழு. கருவாட்டைக் கண்டா மட்டும் மூக்கைப் பொத்திக்கிருவாங்க."

சிரித்துவிட்டாள். "கருவாட்டை நான் எந்தக் கட்டத்துல ஏத்துறது? அச்சுல இருக்கணும்மா. ஒரு வரி காட்டுங்க, சேத்துருவோம்."

சாப்பாட்டு நேரமெல்லாம் இரண்டு கட்டுரைகளையும் விரல் வைத்துப் படித்தேன். 'முன்பும் இங்கு வந்திருக்கிறேன்' என்று ஒரு வரி இருக்காதா என்று பார்த்தேன். கடைசியில் 'உதவிய ஊர் மக்களுக்கு நன்றி' என்று மட்டும் இருந்தது. அதற்குள் எங்கேயோ எங்கள் வீடும் இருந்தது. அக்காவையே கேட்கலாம் என்றால், நான் கடைசியாகப் போட்ட கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்து பல வருஷம் ஆகிவிட்டது.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே என்னவோ ஆகிவிட்டது. குறிப்பு என்று இருந்த கட்டத்தில், 'இருவரும் ஒருவரே என்று ஊர்க்காரப் பெண் ஒருவர் கூறுகிறார், சரிபார்க்க வேண்டும்' என்று டைப் செய்தாள்.

"உங்க பேரையும் போடவா?"

கூச்சமாக இருந்தது. "வேணாம் தாயி" என்றுவிட்டேன்.

பட்டியல் முடிந்து என் வேலையும் முடிந்தது. பேரைச் சொல்லியிருந்தால் சரிபார்க்கிறவர்கள் என்னைத் தேடி வந்திருப்பார்களோ என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள், அக்கா இன்னும் இரண்டு பேராகத்தான் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இரண்டாம் தடவை வந்தது கண்மாய் வற்றிய வருஷமா, அதற்கு அடுத்த வருஷமா என்பதும் எனக்குக் குழம்புகிறது. அதையும் யாராவது பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.