பாலிமர் பூசாத செல்

செய்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். வெள்ளி படியவைக்கும் எந்திரத்திலிருந்து காற்று முழுவதும் வெளியேறக் காத்திருந்த காலை நேரம். நாகப்பட்டினத்திலிருந்து சபீனாவின் தம்பி அழைத்தார்.

"அக்கா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருவீங்கள்ல?"

வருகிறேன் என்றேன். எந்திரத்தை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. உடம்பு முடியாமல் அவள் ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தாலும், திரும்பி வருவாள் என்று அவள் மேசையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தோம். இதைப் படிக்கிற, அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் சம்பா நடவு. நான் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்கள். உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மலருதானே நீ? அவ அங்க என்னதாம்மா வேலை பாத்தா? கேட்டா சிரிப்பா. ஒழுங்கா சொன்னதே இல்ல."

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். பிளாஸ்டிக் மாதிரியான ஒரு பொருளைக் கண்ணாடி மேல் மெல்லிசாகப் பூசினால் அதில் வெயில் பட்டு மின்சாரம் உண்டாகும்; சோலார் செல் என்போம். அது வெள்ளி மின்முனைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த இரண்டும் தொடும் இடத்தில்தான் பாதி வீணாகிறது. அங்கே கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு பாலிமரைப் பூசி, வீணாவதைக் குறைக்கப் பார்த்தோம். அதுதான் வேலை.

"அப்ப நம்ம மாடியில ஒண்ணு வச்சிருக்கலாமே?"

"அந்த அளவுக்கு இன்னும் வரலம்மா" என்றேன்.

நானும் சபீனாவும் ஒரே வாரத்தில் ஆய்வுப் படிப்புக்குச் சேர்ந்தவர்கள். நான் நன்னிலம் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். உதவித்தொகை முடிவதற்குள் ஒரு கட்டுரை வந்தாக வேண்டும் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. அந்தப் பயத்தின் நடுவில்தான் எங்கள் பாலிமர் பலன் கொடுத்தது. பூசாத செல்லைவிடப் பூசிய செல்லில் மின்சாரம் நன்றாகவே கூடியது. வழிகாட்டிப் பேராசிரியர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கட்டுரையை எழுதி முடித்தோம். அனுப்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அப்போது சபீனா ஒன்று சொன்னாள். "பாலிமரைக் கரைப்பான்லதானே கரைச்சு ஊத்துறோம்? வெறும் கரைப்பானை மட்டும் ஊத்தி ஒரு செட் பண்ணிருவோம்."

பண்ணினோம். பாலிமரே இல்லாத அந்தச் செல்களிலும் ஏறக்குறைய அதே அளவு கூடியிருந்தது. கரைப்பான் மேற்பரப்பைக் கழுவியதால் வந்த பலனைப் பாலிமரின் கணக்கில் எழுதிவைத்திருந்தோம்.

"இதை அனுப்பினதுக்கு அப்புறம் பாத்திருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

"அனுப்பிட்டா அப்புறம் பாக்க மாட்டோம், மலரு."

அவளே போய்ப் பேராசிரியரிடம் சொன்னாள். அவர், "நிறுத்தி வைங்க" என்றார். நான் அவளோடு சாப்பிட உட்காருவதை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன் குழம்பில் எனக்கு உண்டானதை என் மேசையில் வைத்துவிட்டு, "சண்டை பேப்பரோடதானே? சோத்தோட என்ன?" என்று போய்விடுவாள். அந்தக் குழம்புக்கு முன்னால் என் வீம்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக அந்த மாதங்களில் செல்களை ஈரம் புகாத பெட்டிக்குள் பூட்டிவிடுவோம். சபீனா இரண்டு வகைச் செல்களையும் எடுத்துச் சன்னலோர மேசையில் திறந்த காற்றில் வைத்தாள். எல்லாம் வீணாகிவிடும் என்றேன். "வீணாகட்டும். எது முதல்ல வீணாகுதுன்னு பாக்கணும்" என்றாள். சுவரே வியர்க்கும் மழை. தினமும் வந்து அளந்தாள். கரைப்பான் மட்டும் ஊற்றியவை சில வாரங்களில் படுத்துவிட்டன. வெள்ளியின் ஓரங்கள் வெளிறிப்போயின. பாலிமர் பூசியவை மழை விட்ட பிறகும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தன.

எங்கள் பாலிமர் மின்சாரத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. வெள்ளியையும் அதன் கீழே இருந்ததையும் பிரியவிடாமல் பிடித்துவைத்திருந்தது. கட்டுரையை முதலிலிருந்து எழுதினோம். பெயர்பெற்ற இதழ் எதிலும் அது வரவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது, பிறகு இதே ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வேலையும். அது வெளியான அன்று சபீனா, "சின்ன விஷயம்தான். ஆனா இது நெசமாவே பாலிமர் பண்ணது" என்றாள். அவள் முகத்தில் அன்று அப்படி ஒரு சந்தோஷம்! பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாம் சில பேர்தான்.

அவள் மேசையைப் போன வாரம் காலி செய்து கொடுத்தோம். அவள் பொருள் என்று நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருப்பது ஒரு பேச்சு. மாணவர்கள் கேட்பதற்கு விடை தெரியாவிட்டால், "தெரியலயே, பாப்பமா?" என்பேன். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, ஏதோ சினிமாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அது சபீனாவின் பேச்சு. எப்போது என் நாக்கில் வந்து ஒட்டியது என்று தெரியவில்லை.

நேற்று ஒரு மாணவி வந்து, வெள்ளிக்குப் பதில் அலுமினியம் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"தெரியலயே, பாப்பமா?" என்றேன்.