பொலித்தீன் கழற்றாத செற்றி

ஞாயிறு பள்ளியில், கடவுளை விட்டுப் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்ட சனத்தின் கதையைப் படிப்பிக்கிறவள் நான். லிங்கநகர் வீட்டுக்குப் மெத்தை வைத்த புதுச் செற்றி வந்தபோது, ஊத்தை படக்கூடாதென்று அதைச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றவேயில்லை. துறைமுகத்தில் வேலை செய்த என் கணவரை, "கிறீஸ் உடுப்போட அதில இருக்காதேங்கோ" என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்!

ஒரு மத்தியானம் நெஞ்சு நோவோடு வந்தவர், செற்றிக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் சரிந்தார்.

"செற்றியில படுங்கோப்பா" என்று கெஞ்சினேன்.

"வேண்டாம், ஊத்தையாப் போயிடும்" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

செத்தவீடு முடிந்தபின் பொலித்தீனைக் கிழித்தேன். துணி புத்தம் புதுசாக இருந்தது.

"அந்தச் சனம் ஏன் ரீச்சர் கன்றுக்குட்டியைக் கும்பிட்டது?" என்று பிள்ளைகள் இப்போதும் கேட்பார்கள். முந்தியெல்லாம் உடனே பதில் சொல்லிவிடுவேன்.